தலையை மூடும் நாம் தலைத் தோலை மறக்கலாமா?



தலைமுடியைப் பற்றிக் கவலைப்படாத பெண்ணைக் காண்பது அரிது. முடி கொட்டுகிறது, நுனி வெடிக்கிறது, அடர்த்தி குறைகிறது என்று உம்மாமாரும் மகள்மாரும் ஓயாமல் பேசிக்கொள்கிறோம். கடையில் அடுக்கி வைத்திருக்கும் எண்ணெய்ப் போத்தல்களும் ஷாம்புப் போத்தல்களும் முடியைக் காட்டித்தான் விற்பனையாகின்றன. ஆனால், அந்த முடி முளைக்கின்ற நிலத்தைப் பற்றி நாம் எப்போதாவது பேசுகிறோமா?

பயிர் வாடினால் விவசாயி முதலில் மண்ணைத்தான் கிளறிப் பார்ப்பான். நாமோ மண்ணை விட்டுவிட்டு இலைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

தலைத் தோலும் தோல்தான். முகத்தில் சிறிய பரு வந்துவிட்டால் நாளுக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்க்கிறோம். கையில் ஒரு தேமல் தெரிந்தால் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் காட்டி விசாரிக்கிறோம். தலைத் தோலில் ஒன்று வந்தால்...? அதை முடி மறைக்கிறது. அந்த முடியை முக்காடு மறைக்கிறது. இரண்டு திரைகளுக்குப் பின்னால் நோய் சத்தமில்லாமல் வளர்கிறது. வெளியே தெரிய வரும்போது பல வேளைகளில் அது முற்றிப்போயிருக்கும். ஆரம்பத்தில் காட்டியிருந்தால் சில வாரங்களில் குணமாகியிருக்கக்கூடிய ஒன்று, தாமதித்ததால் அந்த இடத்தில் இனி ஒருபோதும் முடி முளைக்காத நிலைக்குப் போய்விடுவதும் உண்டு.

பிறர் பார்வையிலிருந்து தலையை மறைப்பது வேறு; நாமே அதை மறந்துவிடுவது வேறு. ஆகவே, இந்த மாதம் நமது தலைத் தோலைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

இந்த நிலம் எப்படிப்பட்டது?

நமது தலையில் ஏறத்தாழ 100,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் புதைந்திருக்கும் ஒரு சிறு குழியிலிருந்து வளர்கிறது. அக்குழியின் பக்கத்திலேயே எண்ணெய் சுரக்கும் சுரப்பியும் இருக்கிறது. நாம் சீவுகின்ற, பின்னுகின்ற முடிக்கு உயிர் கிடையாது. உயிர் இருப்பதெல்லாம் தோலுக்குள் இருக்கும் வேரில்தான். அந்த வேருக்கு உணவு இரத்தத்தின் மூலமே போய்ச் சேருகிறது. மேலே ஊற்றும் எண்ணெய் அதற்குச் சாப்பாடு ஆகாது.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. ஒரு முடி 2 முதல் 6 வருடங்கள் வரை வளரும். பின்னர் சுமார் 3 மாதங்கள் ஓய்வெடுத்துவிட்டு உதிர்ந்துவிடும். அதே குழியில் புதிய முடி முளைக்கும். இதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பான காரியம். தலை கழுவும் நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். சீப்பில் நாலு முடியைக் கண்டதும் பதறத் தேவையில்லை.

'முக்காடு போடுவதால் முடிக்குக் காற்றுப் படாமல் கொட்டுகிறது' என்று சிலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது சரியல்ல. முடி காற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. தலையை மூடுவதால் மட்டும் முடி கொட்டுவதும் இல்லை. தலைத் தோலுக்குத் தீங்கு செய்பவை துணிக்குக் கீழே நாம் விட்டுவைக்கின்ற ஈரம், இறுக்கம், வியர்வை ஆகியவையே. இவை மூன்றும் நமது கைக்குள் இருக்கும் விஷயங்கள்.

பொடுகு எண்ணெய் போட்டால் போகுமா?

தலையில் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால் 'தலை காய்ந்துவிட்டது, எண்ணெய் வை' என்பதே நமது வீடுகளில் கிடைக்கும் முதல் ஆலோசனை. அங்கேதான் தவறு நடக்கிறது.

எல்லோருடைய தோலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பங்கசு வாழ்கிறது. பிரெஞ்சு ஆய்வாளரான லூயி சார்ள்ஸ் மலசே என்பவர் 1874ஆம் ஆண்டு பொடுகுச் செதில்களில் இதைக் கண்டு விவரித்தார். பிற்காலத்தில் அவருடைய பெயராலேயே அது 'மலசீசியா' என்று அழைக்கப்பட்டது. இந்தப் பங்கசுக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. நமது தலைத் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. அப்படி உடைக்கும்போது மிஞ்சுகின்ற அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது. உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாக உரிகிறது. கூடவே அரிப்பும் வருகிறது. இதுதான் பொடுகு.

அப்படியானால் பொடுகுள்ள தலையில் எண்ணெயை ஊறவைத்து, இரவு முழுவதும் அப்படியே படுத்தால் என்ன நடக்கும்? செதில் ஈரமாகி ஒட்டிக்கொள்வதால் பொடுகு போனது போலத் தெரியும். இரண்டு நாளில் முன்னையிலும் அதிகமாகத் திரும்பி வரும்.

தேங்காய் எண்ணெயே கூடாது என்று சொல்லவரவில்லை. முடித் தண்டிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எனவே தலை கழுவுவதற்கு முன் முடியின் நீளத்துக்கு எண்ணெய் பூசுவது நல்லதே. தோலில் தடித்த செதில் ஒட்டியிருந்தால், அதை இளக்குவதற்காகக் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, சற்று நேரத்தில் கழுவிவிடலாம். எண்ணெய் முடிக்கு, சுத்தம் தோலுக்கு என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

பொடுகுக்கு உரிய மருந்து ஷாம்புகள் பாமஸிகளில் கிடைக்கின்றன. கீட்டோகொனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்பு அவற்றில் முக்கியமானது. இதைப் பாவிக்கும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். முடியில் நுரைத்து உடனே கழுவினால் பயனில்லை. விரல் நுனியால் தோலில் தேய்த்து, 3 முதல் 5 நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் 2 முதல் 4 வாரங்கள் இப்படிச் செய்யுங்கள். பிறகு ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒரு தடவை போதும். கர்ப்பிணித் தாய்மார் டொக்டரிடம் கேட்டுவிட்டே பாவிக்க வேண்டும்.

இன்னொன்று. பொடுகு ஒட்டுநோய் அல்ல. சுத்தமில்லாதவர்களுக்கு வருவதும் அல்ல. மருமகளின் தோளில் செதிலைக் கண்டு முகம் சுளிக்கும் மாமிமார் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்! இது முற்றாக ஒழிந்துபோகும் நோயுமல்ல. கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் ஒன்று.

சாதாரண சவர்க்காரத்தால் தலை கழுவுவோருக்கு ஒரு சொல். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களின் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுப்பாகப் படியும். அந்தப் படிவைப் பொடுகு என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. இப்படிப்பட்ட தண்ணீருக்கு மென்மையான ஷாம்புவே பொருத்தம். தேசிக்காய்ப் புளியைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், கறுத்தும் போகும்.

ஈரத் தலையும் இறுக்கக் கட்டும்

காலையில் குளித்த கையோடு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, பாடசாலை வேனுக்கு ஓடும் அவசரம் நம் எல்லோருக்கும் உண்டு. சொட்டுகின்ற முடியைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டி, உள்தொப்பியைப் போட்டு, அதன்மேல் துணியையும் சுற்றினால் பிற்பகல் வரை உள்ளே ஈரம் காயாது. வியர்வையும் சேரும். வாடை, அரிப்பு, முடிக் குழிகளில் சிறு சிறு கொப்புளங்கள் எல்லாம் இந்த ஈரத்துக்குப் பின்னால் வருகின்றன.

முடிந்தவர்கள் தலை குளிப்பை மாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம். வேர் வரைக்கும் தண்ணீர் சேர்ந்தே ஆகவேண்டிய குளிப்பு காலையில் கடமையானால் அதற்கு வழி வேறு. பருத்தித் துவாயால் தோலோடு ஒற்றி எடுங்கள். கொண்டை போடாமல் முடியை அவிழ்த்துவிட்டபடியே வீட்டு வேலைகளைப் பாருங்கள். வெளியே புறப்படும் கடைசி நேரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஹெயார் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக முடியை அவிழ்த்து ஆறவிடுங்கள். உள்தொப்பி பருத்தியாக இருக்கட்டும். அதைத் தினமும் துவைத்து வெயிலில் காயவிடுங்கள்.

அடுத்தது இறுக்கம். துணி நழுவாமல் இருப்பதற்காக முடியை இழுத்து வாரி, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறோம். நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து, நெற்றி அகன்றுகொண்டு போவதை யாரும் உடனே கவனிப்பதில்லை. வேர் தொடர்ந்து இழுபடுவதால் வருவது இது. கட்டிய பிறகு தலை வலித்தாலோ, ஓரத்தில் சிறு பருக்கள் தோன்றினாலோ அதுவே எச்சரிக்கை. அந்த நேரத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தினால் முடி திரும்பவும் முளைக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயாலும் பயனில்லை. கொண்டையின் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள். இறப்பர் பட்டிக்குப் பதிலாகத் துணிப் பட்டி பாவியுங்கள். சிறு பெண்பிள்ளைகளின் பின்னலை இறுக்கிப் பின்னாதீர்கள்.

பிள்ளைகளின் தலை

பேன் வந்துவிட்டதென்று பிள்ளையை ஏசாதீர்கள். பேன் பாயாது, பறக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து வரும். சுத்தமான தலைக்கும் அது வரும். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டொரு நாளில் செத்துவிடும். எனவே வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. தலையணை உறை, துவாய், முக்காட்டுத் துணிகளைச் சுடுநீரில் துவைத்தால் போதும். மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். அது தோலைப் புண்ணாக்கும். அடுப்படியில் தீப்பிடித்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து!

பேர்மெத்ரின் 1 சதவீத மருந்தைக் கழுவித் துவட்டிய முடியில் பூசி, 10 நிமிடங்களில் கழுவிவிட வேண்டும். ஈர் பொரிப்பதற்குச் சுமார் 6 முதல் 9 நாட்கள் எடுக்கும். ஆகவே ஒரு தடவையோடு விட்டால் பொரித்த குஞ்சுகள் மீண்டும் பெருகும். 9ஆம் நாளில் இரண்டாம் தடவையும் பூசுங்கள். இடையில் ஈரமான முடியைப் பேன் சீப்பால் 3, 4 நாட்களுக்கு ஒரு தடவை வாரி எடுங்கள். வீட்டில் எத்தனை பேருக்குப் பேன் இருக்கிறதோ, அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இம்மருந்தை நீங்களாகவே பூச வேண்டாம்.

பேனைவிடக் கவனமாக இருக்க வேண்டியது தலைப் படர்தாமரை. இது பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கே வருகிறது. வட்டமாக ஓரிடத்தில் முடி முறிந்து, செதில் தட்டி, சிலவேளை கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சீப்பு, தொப்பி, தலையணை மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். வீட்டுப் பூனைக்குட்டியிடமிருந்தும் தொற்றலாம். இதற்குக் களிம்பு மட்டும் பூசினால் போதாது. பங்கசு முடியின் வேருக்குள் இருப்பதால் களிம்பு அங்கே போய்ச் சேராது. டொக்டர் தரும் குளிசையைப் பல வாரங்களுக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு இது வீங்கி, தொட்டால் மெத்தென்று, சீழ் வடியும் கட்டியாக மாறும். பார்ப்பவர்கள் சாதாரணக் கட்டி என்று எண்ணிப் பற்றுப் போடுவார்கள், அழுத்திச் சீழ் எடுக்கப் பார்ப்பார்கள். இதில் நாட்களைக் கடத்துவதுதான் ஆபத்து. தாமதித்தால் அந்த இடம் தழும்பாகி, பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் வழுக்கையாகவே நின்றுவிடும். முக்காட்டுக்குள் மறைந்துவிடும் என்ற எண்ணத்தில் பெண்பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை நாளைக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கப்போகிறவள் அல்லவா?

பச்சைப் பிள்ளைகளின் தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டுவது வேறு விஷயம். இது பெரும்பாலும் தானாகவே சில மாதங்களில் மறையும். கொஞ்சம் எண்ணெய் தொட்டு இளக்கி, மெல்லிய பிரஷால் தடவிக் கழுவினால் போதும். நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடி இறக்கும்போது புதிய பிளேட்டையே பாவிக்கச் சொல்லுங்கள். பலருக்குப் பாவித்த கத்தியால் இரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் தொற்ற இடமுண்டு.

பிரசவத்துக்குப் பின்பு

பிள்ளை பிறந்து 2 முதல் 4 மாதங்களில் கைநிறைய முடி கொட்டுவதைக் கண்டு அழுகின்ற இளம் தாய்மார் எத்தனை பேர்! கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிகள் இப்போது ஒன்றாக உதிர்கின்றன; அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன்னர் பெரும்பாலானோருக்கு இது சரியாகிவிடும். பால் கொடுப்பதால் வருவதல்ல இது. இதற்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்கு 2, 3 மாதங்களுக்குப் பிறகும் இப்படிக் கொட்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்து தேறிய பலர் இதை அனுபவித்தார்கள். ஆறு மாதங்களைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரும்புச் சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது. சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கும் நமது பழக்கம், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சாயமும் மருதோன்றியும்

அரைத்த மருதோன்றி இலை செம்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோதான் பிடிக்கும். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கிறதென்றால் அதில் வேறு இரசாயனம் கலந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். கறுப்புத் தலைச் சாயங்களில் உள்ள பி.பி.டி. என்னும் அந்தப் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். தலை கொப்பளித்து, கண் இமை வரைக்கும் வீங்கிவிடும். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் பூசிவிட்டு, கல்யாணத்தன்று ஆஸ்பத்திரியில் இருக்க நேரிடலாம்! புதிய சாயம் எதுவானாலும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பூசி, 48 மணித்தியாலங்கள் பொறுத்திருந்து பாருங்கள். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடியும் அதைத் தொடவே கூடாது.

வாரத்தில் ஒரு நாள்

முன்னைய நாட்களில் பின்னேரமானால் உம்மம்மாமார் வாசற்படியில் இருந்துகொண்டு, பேத்திகளை மடிக்கு அருகில் இருத்தி, வகிடு வகிடாகப் பிரித்துப் பேன் பார்ப்பார்கள். கதையும் நடக்கும், உபதேசமும் நடக்கும். அது வெறும் பேன் பார்க்கும் வேலையல்ல. தலைத் தோலில் புதிதாக ஒரு வெடிப்போ, புண்ணோ, வழுக்கையோ வந்திருந்தால் அன்றே கண்ணில் பட்டுவிடும். டொக்டர் இல்லாத பரிசோதனை அது! அந்தப் பழக்கம் நமது வீடுகளில் மறைந்துகொண்டு வருகிறது.

அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள், யன்னலோர வெளிச்சத்தில், சீப்பின் வாலால் வகிடு எடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரை மகளின் தலையைப் பாருங்கள். காதுக்குப் பின்புறத்தையும் விடாதீர்கள். பிறகு உங்கள் தலையை மகளிடம் காட்டுங்கள். தனிமையில் இருக்கும் வயதான மாமியின் தலையையும் பாருங்கள். கை எட்டாமல், பிறரிடம் சொல்லவும் வெட்கப்பட்டு, புண்ணோடு இருக்கும் முதியவர்கள் உண்டு.

பார்க்கும்போது பின்வரும் ஏதாவது தென்பட்டால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்:

• வட்டமாக முடி இல்லாத இடம். அதிலும் தோல் மினுமினுப்பாக, முடிக் குழிகளே தெரியாமல் இருப்பது.
• பிள்ளையின் தலையில் சீழ் வடியும் மெத்தென்ற வீக்கம்.
• முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வருகின்ற, தடித்த வெள்ளிநிறச் செதில்.
• மருந்து ஷாம்பு பாவித்து 4 வாரங்களாகியும் குறையாத செதிலும் அரிப்பும்.
• ஆறாத புண், அல்லது வளர்ந்துகொண்டு போகும் மச்சம்.

பாமஸியில் சொல்லிக் கேட்டு, ஸ்டெரொயிட் கலந்த களிம்பை வாங்கித் தலையில் பூசிக்கொள்ளாதீர்கள். அரிப்பு அடங்கும், ஆனால் உள்ளே இருப்பது பங்கசு என்றால் அது நன்றாகப் பரவிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குகளில் இலவசமாகவே காட்டலாம். பெண் டொக்டரிடம்தான் காட்ட விருப்பம் என்றால் அதைத் தயங்காமல் கேளுங்கள். கூச்சத்தினால் காட்டாமல் விட்டு, முடியையே இழப்பதைவிட அது மேலல்லவா?

சகோதரிகளே! இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காய்ந்த தலை, தளர்ந்த கட்டு, சுத்தமான சீப்பு, வாரத்தில் பதினைந்து நிமிடம் ஆகியவையே வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே மகளை அழைத்து அருகில் இருத்துங்கள். அவள் தலையில் எதுவும் இல்லாவிட்டால் அல்ஹம்துலில்லாஹ்! இருந்தால், நேரத்தோடு கண்டுபிடித்த உம்மா என்று அவள் உங்களுக்காகத் துஆச் செய்வாள்.